பயிற்சிப் பணமும் பதில் கூறும் கடமையும்

நிலமும் முதலும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வியும் கைத்தொழிலுமே மூலதனம். ஆகவே தொழிற்பயிற்சிக்கென ஒதுக்கப்படும் பொதுப்பணம் வீணாகும்போது, ஏழை இளைஞன் ஒருவனின் எதிர்காலமே வீணாகிறது. இதனை விளக்கும் அயர்லாந்து நாட்டு வரலாறு ஒன்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

அந்நாட்டில் வேலையற்றோருக்குப் பயிற்சியளிக்க 1988இல் 'ஃபாஸ்' என்னும் அரசு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு 'வளர்ச்சி' என்பது பொருள். ஆண்டொன்றுக்குச் சுமார் 100 கோடி யூரோ அதன் கைவழியே சென்றது. அதன் ஒரு பிரிவின் செலவுகளை உள்தணிக்கையாளர் 2004லேயே ஆராயத் தொடங்கினர். எனினும் மக்கள் உண்மையை அறிந்தது 2008இல்தான். அதுவும் செய்தியாளர்கள் தகவல் அறியும் சட்டத்தின்வழிக் கணக்குகளைக் கேட்டுப் பெற்றதனாலேயே. அமெரிக்காவுடன் இணைந்த அறிவியல் திட்டம் ஒன்றின் பயணங்களுக்கு மட்டும் நான்காண்டுகளில் 6,43,000 யூரோ செலவாகியிருந்தது. முதல் வகுப்பு விமானப் பயணம் தமக்குரிய உரிமையே என வானொலியில் வாதிட்ட தலைமை இயக்குநர் ரோடி மொலாய், அடுத்த நாளே, 2008 நவம்பரில், பதவி விலகினார்.

அதிகாரி விலகினார், அமைச்சர் என்ன செய்தார்? துறைப் பொறுப்பிலிருந்த துணைப் பிரதமர் மேரி கோக்லன், விலகியவருக்கு வழக்கத்துக்கு மேற்பட்ட ஓய்வூதியச் சலுகையை அனுமதித்தார். அதன் மதிப்பு ஏறத்தாழ பத்து இலட்சம் யூரோ. நாட்டில் வேலையின்மை நாளுக்குநாள் பெருகிவந்த வேளை அது! நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. 2009இல் இயக்குநர் குழுவும் விலக நேர்ந்தது. அமைச்சரோ அமைச்சரவையில் நீடித்தார். 2011 பொதுத் தேர்தலில் அவர் தம் தொகுதியை இழந்தார். 2007இல் 77 இடங்கள் வென்றிருந்த அவருடைய கட்சி 20 இடங்களுக்குச் சுருங்கிற்று. பொருளாதார வீழ்ச்சியே அத்தோல்விக்குப் பெருங்காரணம் எனினும், மன்றத்தில் கிடைக்காத பதிலை மக்கள் வாக்குப் பெட்டியில் தேடிக்கொண்டனர் எனலாம். 2013இல் ஃபாஸ் கலைக்கப்பட்டு, 'சோலாஸ்' என்னும் புதிய அமைப்பு உருவாயிற்று.

அயர்லாந்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகள் அந்நாட்டு அரசியலமைப்பைத் தழுவியவை. அச்சட்டத்தை வரைந்த குழுவின் தலைவரான அண்ணல் அம்பேத்கர், 1949இல் அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், கணக்குத் தணிக்கைத் தலைவரே நாட்டின் மிக முக்கியமான அதிகாரியாக இருக்கக்கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். பொதுப்பணத்தின் காவலே எளியோரின் காவல் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

இளைஞர்களே! தணிக்கை அறிக்கை அலமாரியில் உறங்கினால் பயனில்லை. அதனை எழுப்புவது கேள்வி. 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலும் உள்ளது. நம் பெயரால் ஒதுக்கப்படும் பயிற்சி நிதி எவ்வளவு, எவர் பயின்றனர், எத்தனை பேர் வேலை பெற்றனர் என எழுதிக் கேட்போம். அதிகாரியோடு நில்லாமல், அவருக்கு மேலுள்ள அமைச்சரிடமும் கேட்போம். கற்பி என்றார் அண்ணல். கணக்குக் கேட்கக் கற்பதும் அக்கல்வியில் அடங்கும்.