‘ஸ்னீஸ்’ என்னும் சொல்லின் முதலெழுத்து

தும்மலைக் குறிக்கும் ‘ஸ்னீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலிலுள்ள எஸ், ஏடு பார்த்தெழுதியோரின் பிழையினால் வந்து புகுந்தது என்னும் கொள்கை, அகராதிகளின் வழியே பரவி, இப்பொழுது ஏறத்தாழ நிலைத்த முடிபாகவே வழங்கி வருகிறது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதலில் நின்றவை எஃப், என் ஆகிய இரண்டெழுத்துக்கள். அக்காலத்து லிபியில் நெடிய எஸ்ஸின் வடிவம், குறுக்குக்கோடு முழுதும் ஊடுருவி ஓடாமை ஒன்றைத் தவிர, எஃப் எழுத்தையே ஒத்திருந்தமையால், எஃப்–என் என்ற கூட்டு வழக்கொழிந்துகொண்டிருந்த நாளில் படிப்போர் அதனை எஸ்–என் என்று மயங்கினர் என்பது இக்கொள்கையினர் கூறும் காரணம். கண்மயக்கத்தால் எழுத்து மாறுவது சுவடிப் பயிற்சி உடையார் யாவரும் அறிந்ததே. ஆதலின் இவ்விளக்கத்தை முற்றும் அசம்பாவிதம் என்று தள்ள நான் துணியவில்லை. ஆயினும், ஒரு சொல்லின் சரித்திரத்தைக் கண்ணிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு, அதனை நாள்தோறும் வழங்கிய வாயையும் கேட்ட செவியையும் மறந்துவிடுவது நியாயமாகாது.

இவ்விவாதத்தில் பெரிதும் எடுத்தாளப்படும் பிரமாணம், சாஸரின் கான்டர்பரிக் கதைகளில் மான்சிப்பிளின் முன்னுரையில் வருகின்ற ஓரிடம். மதுமயக்கத்திலிருக்கும் சமையற்காரனைப் பார்த்து, இவன் மூக்கால் பேசுகிறான் என்றும், விடாது ‘ஃப்னீஸ்’ செய்கிறான் என்றும், இவனுக்கு ஜலதோஷமும் பிடித்திருக்கிறது என்றும் விடுதிக்காரன் கூறுகிறான். நற்பிரதிகளைத் தழுவிய பதிப்புக்களில் இங்கே எஃப் உள்ளது. எஸ் பாடபேதமாகக் காட்டப்படுகிறது. பிழை பிறக்கும் தருணத்தை இப்பாடபேதத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகக் கருதுவோர், அவ்விடத்தின் பொருளைச் சிறிதும் நோக்கியதாகத் தெரியவில்லை. ‘தும்முகிறான்’ என்று சிலரும், ‘மூச்சைச் சீறி விடுகிறான்’ என்று சிலரும் அவ்வினைக்கு உரை கூறுவர். குடித்தவன் இடைவிடாது தும்மிக்கொண்டிருப்பது இயல்பன்று ஆகையால், இரண்டாவதே பொருந்துமென எண்ணுகிறேன். எவ்வாறாயினும், முன்னே மூக்கும் பின்னே ஜலதோஷமும் நிற்க, நடுவில் நிற்கும் வினை மூக்கின் ஓசையையன்றி வேறொன்றைக் குறித்தல் அரிது. இதனைப் பெயர்த்தெழுதிய ஒருவன், தனக்குப் பழக்கமற்றதாகிவிட்ட எஃப்–என் கூட்டைக் கண்டு எஸ்–என் என்று எழுதியிருப்பானாயின், அவனுடைய கையை நடத்தியது கண்ணின் மயக்கம் மட்டுமன்று, மூக்கைப் பற்றிய பேச்சில் எத்தகைய சொல் வருமென்று அவன் செவி எதிர்பார்த்திருந்த எதிர்பார்ப்புமே ஆகும். பிழையென்றே கொண்டாலும், அது பொருளறிந்து செய்த பிழை.

இதனினும் வலியதொரு சான்று உண்டு. எஃப் மறைந்த பின்னர் இச்சொல் முதலெழுத்தே இன்றி ‘நீஸ்’ என்று நெடுங்காலம் வழங்கியது. 1600இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் அவ்வடிவமே உள்ளது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், எலிசா உயிர்ப்பித்த சிறுவன் ஏழுமுறை தும்மியதும், யோபு ஆகமத்தில் லிவியாதானின் தும்மலும் ‘நீஸ்’ என்ற சொல்லாலேயே கூறப்பட்டன. பின்வந்த பதிப்புக்களில் முன்னதில் மட்டும் எஸ் சேர்க்கப்பட்டது. எழுத்தில் எஃப் இல்லாத சொல்லில் எஃப்பை எஸ்ஸாக மயங்குவது எங்ஙனம்? ‘ஸ்னீஸ்’ என்பது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது என்று விடை கூறுவர். தோன்றியிருக்கட்டும், ‘நீஸ்’ வடிவத்தோடு நூறாண்டுக்கு மேல் போட்டியிட்டு அது வென்றதற்குக் காரணம் வேண்டுமல்லவா? எழுத்தறியா மக்களின் நாவில் ஏட்டுப்பிழை தானாக ஏறி அமர்ந்துவிடாது.

அக்காரணம் எஸ்–என் என்று தொடங்கும் குறுஞ்சொற்களின் கூட்டத்தில் இருக்கிறது. ‘ஸ்னவுட்’ பன்றி முதலியவற்றின் நீண்ட மூஞ்சி; ‘ஸ்னோர்’ குறட்டை; ‘ஸ்னார்ட்’ குதிரையின் மூச்சுச் சீற்றம்; ‘ஸ்னிஃப்’ முகர்தல்; ‘ஸ்னஃப்’ மூக்குப்பொடி; ‘ஸ்னாட்’ மூக்குச்சளி; ‘ஸ்னிவல்’ மூக்கொழுக அழுதல்; ‘ஸ்னீர்’ ஏளனத்தால் முகஞ்சுளித்தல். இத்தொடர்பைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஜான் வாலிஸ் தமது இலக்கணத்தில் கண்டு கூறினார். 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முகப்பிலுள்ள இலக்கணத்தில் ஜான்சன் அதனை எடுத்தாண்டார். இலத்தீன் மொழியில் மூக்கைக் குறிக்கும் ‘நாசுஸ்’ என்பதன் மெய்கள் இடம்மாறியே எஸ்–என் ஆயின என்று வாலிஸ் கொண்ட காரணம் இன்று கொள்ளத்தக்கதன்று. அவர் கண்ட காட்சியோ மெய்யானது. இத்தகைய ஒலிக்கூட்டுக்களுக்கு 1930இல் ஒரு சாஸ்திரப் பெயரிட்டவர் ஜே. ஆர். ஃபர்த். தமிழ் ஒலிப்பு முறையைப் பற்றியும் ஒரு சிறுநூல் எழுதிய அப்பெரியார் நமக்கு அயலாரல்லர்.

பனியையும் பாம்பையும் நத்தையையும் குறிக்கும் சொற்களும் எஸ்–என் என்றே தொடங்குகின்றனவே என்பது ஓர் ஆட்சேபம். சொற்கூட்டத்தின் ஈர்ப்பை விலக்கில்லாத விதி என்று நான் கூறவில்லையாதலின், இது என்னைத் தாக்காது. ஜெர்மன் பாஷையில் தும்மற்சொல் இன்றும் எஸ் ஏற்காமல் ‘நீஸன்’ என்றே நிற்பதும் இத்தகையதே. எஃப்–என் நாவுக்கு இயலாத கூட்டு, ஆகவே அது மாறியே தீரவேண்டும் என்பாரும் உளர். மூக்கால் சீறுதலைக் குறிக்கும் ‘ஃப்னூஸ’ என்ற சொல்லை ஸ்வீடிஷ் மக்கள் இன்றும் எளிதாகச் சொல்லி வருகின்றனர்.

எஃப்–என் என்று தொடங்கிய பிற சொற்கள் என்னவாயின என்று பார்ப்பதே இங்குச் சிறந்த சோதனை. ஆடையின் கரையைக் குறித்த ‘ஃப்னாட்’ எஸ் பெறாமலே இறந்தது. மார்பிலிருந்து எழும் மூச்சைக் குறித்த ‘ஃப்னாஸ்ட்’ பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை வழங்கியும் எஸ் பெறாமல் அழிந்தது. தூக்கத்தில் குதிரையைப் போல் மூக்கொலி எழுப்புவதைக் குறிக்கச் சாஸர் ஆண்ட ‘ஃப்னார்ட்’ மட்டும் ‘ஸ்னார்ட்’ ஆகி இன்றும் உயிர்வாழ்கிறது. ‘ஃப்னீஸ்’ உட்பட இந்நான்கையும் எழுதியது ஒரே எஃப்தான், படித்ததும் ஒரே கண்தான். எனினும் எஸ் வந்து சேர்ந்தவை மூக்கைச் சார்ந்த இரண்டு சொற்களே.