தீவனத்தில் விளைந்த மருந்து



காலில் முள் தைத்தால் குருதி கசிகின்றது. சிறிது நேரத்தில் அது தானே உறைந்து காயத்தை மூடிவிடுகின்றது. இத்தன்மை இல்லையெனின் சிறு கீறலும் உயிரைப் போக்கிவிடும். ஆனால், உயிர் காக்கும் அதே உறைவு குருதிக் குழாயினுள்ளே வேண்டாதவிடத்து நிகழுமாயின், அதுவே உயிருக்கு உலையாகின்றது. இவ்விரு ஆபத்துகளுக்குமிடையே மனிதன் வழி கண்ட வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன். அதில் முதன்மை பெறுவது மாடு தின்னும் ஒரு செடி.

ஜேர்மனிய மருத்துவ அறிஞர் றுடோல்வ் வேர்ச்சோ, 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இறந்தோர் உடல்களை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். நுரையீரலில் அடைத்து நிற்கும் குருதிக்கட்டி பெரும்பாலும் அங்கே உண்டானதன்று. காலின் நாளங்களில் உண்டாகிப் பெயர்ந்து, குருதியோடு சென்று அங்கே சிக்கிக்கொண்டது என்பதே அது. 1940 இல் இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்தபோது இவ்வுண்மை மீண்டும் புலனாயிற்று. பாதுகாப்பிடங்களிற் சாய்வு நாற்காலிகளில் நெடுநேரம் அசையாதிருந்தோர் சிலர், குண்டுபடாமலே திடீரென மாண்டனர். நுரையீரலை அடைத்த குருதிக்கட்டியே காரணம் என்று கீத் சிம்சன் என்னும் மருத்துவர் அவ்வாண்டிலேயே எழுதினார்.

கட்டியின் பயணம் தெரிந்தது, அதைத் தடுப்பதெப்படி? விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1920 களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும் கால்நடைகள் குருதி பெருகி மாண்டன. கொம்பு அறுத்த சிறு காயமும் நிற்காது வடிந்தது. ஸ்வீட் குளோவர் என்னும் மணமுள்ள தீவனச்செடி ஈரத்திற் கிடந்து பூஞ்சணம் பிடித்தபின் அதை மேய்ந்த மாடுகளுக்கே இந்நோய் வருகின்றது என்று பிராங்க் ஸ்கோபீல்ட் என்னும் கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். நல்ல தீவனம் கேடு செய்யவில்லை, கெட்டுப்போனதே கொன்றது. ஆயினும் வறுமையுற்ற கமக்காரருக்கு அதை வீசிவிட மனம் வரவில்லை.

1933 பெப்ரவரியில், பனிப்புயலினூடே ஒரு கமக்காரர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். இறந்த கிடாரி ஒன்றும், பால் கொள்கலமொன்றில் உறையாத குருதியும், கெட்ட தீவனமும் அவர் கொண்டுவந்தவை. அவற்றைக் கண்ட இரசாயன அறிஞர் காள் போல் லிங்க், அன்று அவருக்குக் கொடுக்க மருந்தொன்றும் அறியார். ஆனால் அக்குருதி அவரை விட்டபாடில்லை. ஆறு ஆண்டு முயற்சியின் பின், 1939 இல் அவருடைய ஆய்வுகூடத்திலே நச்சுப்பொருள் தூய பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. செடியின் மணத்துக்குக் காரணமான கூமரினைப் பூஞ்சணம் மாற்றியதால் விளைந்த அப்பொருளுக்கு டைகூமரோல் என்று பெயரிட்டனர். 1941 முதல் அது நோயாளருக்கு மருந்தாயிற்று.

அதே குடும்பத்திற் பிறந்தது வார்பரின். 1948 இல் அது எலி நஞ்சாகவே கடைக்கு வந்தது. 1951 இல் அமெரிக்கப் படையாள் ஒருவர் உயிரை மாய்க்க எண்ணி அதை உட்கொண்டார். மருத்துவமனையிலே உயிர்ச்சத்து 'கே' கொடுக்க அவர் பிழைத்தார். ஏனெனில், ஈரல் உறைவுப் பொருள்களை ஆக்குதற்கு வேண்டிய அவ்வுயிர்ச்சத்தின் செயலையே வார்பரின் தடுக்கின்றது. மாற்றுமருந்து உண்டென்பது தெளியவே, 1954 இல் மனிதர்க்கு வழங்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரும் அதனைப் பெற்றார். இன்று புதிய மருந்துகள் பல வந்துள்ளபோதிலும், செயற்கை இதய வால்வு பொருத்தியோர்க்கு வார்பரின் இன்னும் இன்றியமையாதது.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? செடியில் விளைவது எல்லாம் தீங்கற்றது என்பது பொய். உறைவைத் தடுக்கும் வலிமையுள்ள பொருள் எதுவும் குருதியைப் பெருக்கும் வலிமையும் உள்ளது. அளவறிந்து சோதித்த பின்னரே அது மருந்தாகும். உள்ளியும் இஞ்சியும் மஞ்சளும் கறியிற் சேர்வது நன்றே. ஆனால் அவை குருதிக்கட்டியை மருந்துக்கு ஈடாகத் தடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. வார்பரின் உண்போர் அவற்றின் சாற்றையோ குளிகையையோ தாமாகச் சேர்த்துக்கொண்டால், குருதி கட்டுக்கடங்காது கசியக்கூடும். உயிர்ச்சத்து 'கே' மிகுந்த கீரைகளையும் அவர்கள் ஒருநாள் மிகையாகவும் மறுநாள் ஒன்றுமின்றியும் உண்ணாது, ஒரே அளவாக உண்ணல் வேண்டும்.

அறிகுறிகளையும் அறிந்து வைப்போம். ஒரு கால் மட்டும் வீங்கி, நொந்து, சூடேறிச் சிவந்தால், எண்ணெய் பூசி உருவிவிடாதீர்கள். கட்டி பெயர இடமுண்டு. அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது மார்பிற் குத்து, இருமலிற் குருதி, மயக்கம் என்பவை கட்டி நுரையீரலை அடைந்ததைக் காட்டலாம். முகம் ஒருபுறம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் என்பவை மூளைக் குழாய் அடைபட்டதைக் காட்டலாம். இவற்றுக்குக் கஷாயம் காய்ச்சிக் காத்திருத்தல் ஆகாது. அந்த நிமிடமே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

சத்திரசிகிச்சையின் பின்னும் மகப்பேற்றின் பின்னும் வைத்தியர் இசைந்தவுடன் எழுந்து நடத்தல், நெடும் பயணத்தில் இடையிடையே காலை அசைத்தல் ஆகிய எளிய காப்புகள் எல்லோர்க்கும் உரியன. அன்று பனியில் வந்த கமக்காரர் தம் மாடுகளுக்கு மருந்து பெறாமலே திரும்பினார். அவர் விட்டுச்சென்ற குருதியிலிருந்து எழுந்த கேள்வியோ, பிற்காலத்தில் எத்தனையோ மனிதருக்கு உயிர்கொடுத்தது.