சத்திரப்பட்டித் துணியும் அறுவை அரங்கின் எண்ணிக்கையும்

இராஜபாளையத்திற்குக் கிழக்கேயுள்ள சத்திரப்பட்டியும் அதன் அண்டை ஊர்களான சங்கரபாண்டியபுரம், சமுசிகாபுரமும் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பெயர்பெற்றவை. 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கிய இக்கரிசல் வட்டாரத்தில், 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸை நிறுவியபின் ஆலைநூலும் உள்ளூரிலேயே கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் சேலை நெசவில் நிலைத்திருக்க, சத்திரப்பட்டி கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறி, புண்ணுக்கு நெய்யும் ஊராயிற்று.

இத்துணியின் இலக்கணமே வேறு. சேலைக்கு நெருக்கமான இழை பெருமை என்றால், காஸ் துணிக்கு இடைவெளிவிட்ட இழையே தகுதி. பஞ்சின் மேலுள்ள இயற்கை மெழுகு நீரை ஒட்டவிடாது என்பதால், நெய்த துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுத்த பிறகே அது இரத்தத்தை உறிஞ்சும். அவ்வாறு உறிஞ்சும் பஞ்சைக் காஸ் துணிக்கிடையே வைத்துக் கட்டும் முறையை 1880இல் பர்மிங்காம் அறுவை மருத்துவர் கேம்ஜி பரப்பினார். இன்று காஸ் துணிக்குரிய சோதனை எளியது: நீரில் இட்ட துணி பத்து விநாடிக்குள் அமிழ வேண்டும்.

எனினும் நன்றாக உறிஞ்சும் துணியே ஆபத்தும் ஆகும். இரத்தத்தில் ஊறிய காஸ் வயிற்றுக்குள் சதையோடு சதையாகத் தோன்றி, தையலுக்குப் பின் உள்ளேயே தங்கிவிடக்கூடும். இதற்காகவே எக்ஸ்ரேயில் தெரியும் இழை சேர்க்கப்படுவதும், தையலுக்கு முன் செவிலியர் காஸ் துணிகளை உரக்க எண்ணுவதும் வழக்கமாயின. இவ்வெண்ணிக்கையை உள்ளடக்கிய உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சரிபார்ப்புப் பட்டியல் டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டபோது, மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆனால் ‘ஒன்று குறைகிறது’ என்று மூத்த மருத்துவரிடம் இளைய செவிலியர் சொல்லத் துணிவாரா? நோயாளி பாதுகாப்புப் பண்பாடு எனப்படுவது இந்தத் துணிவுக்கு இடம்தரும் பணிச்சூழலே. அதை அளக்க 2004இல் அமெரிக்க அரசு நிறுவனமொன்று வெளியிட்ட வினாத்தாள் மலாய் உட்படப் பல மொழிகளுக்குச் சென்றது. வினாத்தாளை மொழிபெயர்த்து, அதை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவது முதற்படி மட்டுமே. ஒரே கருத்தைத் தொடும் வினாக்களுக்கு ஊழியரின் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கணக்கிடும் நம்பகத்தன்மைச் சோதனையே முக்கியமானது. தவறு தமக்கெதிராகத் திருப்பப்படும் என்ற அச்சத்தைக் கேட்கும் எதிர்மறை வினாக்கள், பல மொழிகளில் இச்சோதனையில் தடுமாறியிருக்கின்றன.

காஸ் துணி நெய்யும் இவ்வட்டாரத்தின் மருத்துவமனைகள், அத்தகைய வினாத்தாளைத் தமிழில் கொண்டுவருகையில், செவிலியரோடு அரங்க உதவியாளரும் துப்புரவுப் பணியாளரும் பெயர் எழுதாமல் விடையளிக்க வழிசெய்ய வேண்டும்.