சுக்கான் பறந்த கதை

சிறு வயதில் ஊர்காவற்றுறைக் கடலில் ஒரு பாய்வள்ளத்தில் போனேன். நான் ஆசைப்பட்டுக் கேட்டதற்காக வள்ளக்காரர் சுக்கான் பிடியை என் கையில் தந்தார். வலப்பக்கம் திரும்ப எண்ணிப் பிடியை வலப்பக்கம் தள்ளினேன். வள்ளமோ இடப்பக்கம் போனது. நான் விழித்ததைக் கண்டு, "தம்பி, நீ திருப்பிறது முன்பக்கத்தை இல்லை, பின்பக்கத்தை" என்று சிரித்தார்.

அவர் சொன்னதுதான் விஷயம். சுக்கான் என்பது பின்புறத்தில் நீருக்குள் தொங்கும் பலகை. அதைச் சரித்தால், ஓடிவரும் நீர் மோதிப் பின்புறத்தை ஒதுக்குகிறது. அப்படிக் குறுக்கே திரும்பிய உடலை நீரே பக்கவாட்டில் அழுத்தி வளைத்துச் செல்கிறது. ஓட்டம் இல்லையேல் சுக்கானும் இல்லை. காற்று விழுந்து பாய் தொங்கியதும், அன்று பிடி என் கையில் செத்துக் கிடந்தது.

சொல் அரபியிலிருந்து வந்தது. மாலுமிக்கு 'மீகாமன்' என்ற அழகிய சொல்லை வைத்திருந்த தமிழ், கடல் வணிகத்தோடு வந்த இதையும் தன்னுடையதாக்கிக் கொண்டது. கி.பி. 985 அளவில் எழுதிய அரபுப் புவியியலாளர் அல்முகத்தஸி, செங்கடலில் இரு கயிறுகளால் சுக்கானை இழுத்துத் திருப்புவதை வர்ணிக்கிறார். அதற்கும் முந்தியது சீனா. குவாங்சௌவில், ஹான் காலக் கல்லறையில் கிடைத்த மண் கப்பல் பொம்மையின் பின்புறத்தில் சுக்கான் தொங்குகிறது. ஐரோப்பியர் 12ஆம் நூற்றாண்டு வரை பக்கத்துடுப்பையே நம்பியிருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது அடுத்த பயணத்தை. பறக்கக் கனவு கண்டவர்கள் ஆகாயத்தை இன்னொரு கடலாகவே எண்ணினார்கள். 'ஆகாயக் கப்பல்' என்ற பெயரே சாட்சி. மட்டமாக மிதந்தபடி, சுக்கானைத் திருப்பினால் போதும் என்பது அவர்கள் எண்ணம். 1908 ஜனவரி 13ஆம் திகதி பாரிஸ் அருகே ஹென்றி பார்மன் ஒரு கிலோமீற்றர் வட்டமிட்டுப் பரிசு பெற்றபோதும், இறக்கைகளைப் பெரும்பாலும் மட்டமாக வைத்துச் சறுக்கியபடியேதான் திரும்பினார்.

ரைற் சகோதரர்கள் துவிச்சக்கரவண்டி செய்து விற்றவர்கள். சரியாமல் திரும்ப முடியாது என்பது அவர்கள் உடலுக்கே தெரிந்திருந்தது. ஆகவே இறக்கை நுனிகளை முறுக்கி விமானத்தைச் சரித்தார்கள். ஆனால் உயரும் இறக்கை காற்றில் கூடுதலாக இழுபட்டு, மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பியது. அதைத் தடுக்க 1902இல், கிட்டி ஹோக் மணற்குன்றுகளில், சறுக்கு விமானத்தின் பின்னால் அசையாத இரண்டு செட்டைகளைப் பொருத்தினார்கள். சில வேளை அது பக்கவாட்டில் வழுக்கி, இறக்கை மணலில் குத்தியது. 'கிணறு தோண்டுதல்' என்று இதற்கு அவர்களே பெயர் வைத்தார்கள். ஒக்டோபர் மாதத்தில் ஓரிரவு, அதிகமாகக் கோப்பி குடித்துத் தூக்கமிழந்த ஓர்வில், அந்தச் செட்டையை அசையவிடலாம் என்று கண்டார். (கோப்பியின் மேல் எனக்கு மரியாதை கூடியது இதனால்தான்.) அதன் கயிறுகளை இறக்கை முறுக்கும் கயிறுகளோடு இணைக்கலாம் என்றார் வில்பர். செட்டை இரண்டு ஒன்றாயிற்று. வட்டமிட்டுத் திரும்பும் வழி கிடைத்தது. 1905இல் இணைப்பை நீக்கிச் சுக்கானுக்குத் தனிப் பிடி வைத்தார்கள்.

ஆகவே, ஆகாயத்தில் திருப்புவது சரிந்த இறக்கை. மூக்கை நேராக்குவதே சுக்கானின் முதல் வேலை. குறுக்குக் காற்றில் இறங்கும்போதும், ஒரு பக்க இயந்திரம் நின்றுபோகும்போதும் அது உயிர் காக்கும். அளவு மீறினால் உயிர் எடுக்கும். 2001 நவம்பர் 12ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து கிளம்பிய ஒரு விமானம், முன்னே சென்ற விமானம் விட்டுப்போன காற்றுச்சுழியில் ஆடியது. துணை விமானி சுக்கான் மிதியை இப்புறமும் அப்புறமுமாக ஓங்கி மிதித்தார். வால் செங்குத்துச் செட்டை முறிந்து விழுந்தது. விமானத்தில் 260 பேரும் தரையில் 5 பேரும் மாண்டார்கள்.