பெற்றோர் பெயர் தெரியவில்லை

'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்கு கஸ் ஃப்ரிங்கைத் தெரியும். ஒரு பக்கம் கோழிக்கடை, இன்னொரு பக்கம் போதைமருந்து சாம்ராஜ்யம், சட்டை மட்டும் கசங்கவே கசங்காது. அந்த வேடத்தில் நடித்தவர் ஜியான்கார்லோ எஸ்பொசிடோ. அப்பா வழியில் நேப்பிள்ஸ்காரர். அந்த ஊரில் எஸ்பொசிடோ என்கிற குடும்பப் பெயர் நம்மூர் முருகன், செந்தில் மாதிரி. தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பெயரின் அர்த்தம் 'வெளியே வைக்கப்பட்டவர்'. பிறந்த சூட்டோடு யாரோ வெளியே வைத்துவிட்டுப் போன குழந்தைக்கு ஊர் வைத்த பெயர் அது. தலைமுறை தலைமுறையாக இறங்கி இன்று டாக்டர், வக்கீல், கால்பந்து வீரர் எல்லோரும் அதைச் சுமக்கிறார்கள். ஒவ்வொரு எஸ்பொசிடோவின் வம்சத்திலும் அப்படி ஒரு குழந்தை இருந்ததா என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பெயர் பிறந்த இடம் அதுதான்.

வெளியே வைப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. மடத்துச் சுவரிலோ ஆஸ்பத்திரிச் சுவரிலோ ஒரு ஓட்டை. அதில் அச்சில் சுழலும் மரப்பெட்டி. தெருப்பக்கமிருந்து குழந்தையை வைத்து, சுழற்றி, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் முகம் தெரியாது. இதை 'ரூவோத்தா', அதாவது சக்கரம் என்றார்கள். நேப்பிள்ஸின் அன்னுன்சியாத்தா இல்லத்துச் சக்கரம் 1875 வரை சுழன்றது. தெற்கு இத்தாலியின் சின்ன ஊர்களில் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி இருப்பார், குழந்தையை வாங்கிக்கொள்வதே அவர் வேலை. வாங்கியதும் ஞானஸ்நானம், பிறகு பால் கொடுக்க ஒரு செவிலித்தாய், பெரும்பாலும் வேறொரு கிராமத்தில். பல காலகட்டங்களில் இந்த இல்லங்களின் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பிழைத்தவர்கள் பெயரோடு வளர்ந்தார்கள். மிலானில் அந்தப் பெயர் கொலம்போ, புறா. அந்த ஊர் ஆஸ்பத்திரியின் சின்னம் புறா. ஃப்ளாரன்ஸில் இன்னொசென்தி, அப்பாவிகள். இல்லத்தின் பெயரே அதுதான்.

இப்போது 2020களுக்கு வருவோம். அர்ஜென்டினாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறார். கப்பல் பட்டியல், கல்யாணப் பதிவு, ஊர் பெயர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் இணையதளத்தில் பிறப்புப் பதிவைத் திறக்கிறார். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'என். என்.' என்று இரண்டு எழுத்து. லத்தீனில் 'பெயர் அறியேன்' என்பதன் சுருக்கம். கோடு எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம், நல் வேல்யூ. காலி என்று அர்த்தமில்லை. ஏதோ ஒரு மதிப்பு இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு எழுத்து உயிரோடிருக்கிறவர்களின் அடையாளத் தாள்களிலும் ஏறி, பள்ளிக்கூடத்திலும் வேலை கேட்கப்போன இடத்திலும் அவர்களைத் தலைகுனிய வைத்தது. பெற்றோர் பெயரை அந்தத் தாள்களிலிருந்து எடுக்க இத்தாலி 1955ல் சட்டம் போட வேண்டியிருந்தது.

தேடுகிறவர்களில் பலருக்குக் காரணம் பாசம் மட்டுமில்லை, பாஸ்போர்ட்டும்தான். முன்னோர் இத்தாலியர் என்று நிரூபித்தால் குடியுரிமை கேட்கலாம் என்று வெகுகாலம் இருந்தது. 2025ல்தான் அதைப் பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி அளவுக்குச் சுருக்கினார்கள். இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பெற்றோர் தெரியாத முன்னோர் சட்டத்தின் முன் பலவீனமானவர் இல்லை. இத்தாலிய மண்ணில் கண்டெடுத்த குழந்தை அங்கேயே பிறந்ததாகக் கொள்ளப்படும், அது இத்தாலியக் குடிமகன் என்று 1912ன் சட்டமே சொல்லிவிட்டது. அம்மா அப்பா இல்லாத இடத்தில் நாடு கையெழுத்துப் போடுகிறது.

*

தாத்தாவின் பிறப்புப் பதிவு ஒரு பாஸ்போர்ட்டாக மாறும் கதையைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16ல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், இந்த மண்ணில் பிறந்தவர்கள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஆறு மாதத்தில் யார் கையெழுத்துப் போட்டார், யார் போடவில்லை என்பதுதான் இன்றும் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு பாரிஸும் பக்கத்து வீட்டுக்கு பாரிமுனையும் வாய்த்ததற்குக் காரணம். சொல்தா வீட்டுப் பென்ஷன் முதல் கல்யாணப் பேச்சுவரை, பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒரு வரி என்ன செய்யும் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

இத்தாலிக்கும் புதுச்சேரிக்கும் உறவு இதைவிட ஆழமானது. ரெண்டு ஊர்ப் பதிவேடும் ஒரே அச்சில் வார்த்தவை. நெப்போலியனின் சிவில் சட்டம் 1809ல் நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்துக்குப் போனது. அவர் வீழ்ந்த பிறகு திரும்பி வந்த பழைய ராஜாக்கள் நிறைய விஷயங்களை மாற்றினார்கள், ஆனால் பிறப்பு இறப்புப் பதிவை விட்டுவிடவில்லை. அதே சட்டம் 1819ல் பிரெஞ்சிந்தியாவில் பிரகடனமானது. பத்து வருஷ இடைவெளி, அவ்வளவுதான். உள்ளூர்க்காரர்களின் வழக்கங்கள் அப்படியே இருக்கட்டும் என்று இங்கே விலக்குக் கொடுத்தார்கள். பதிவுச் சட்டம் தமிழர்களுக்கும் முறையாக விரிந்தது 1880ல்.

அந்தச் சிவில் சட்டத்தின் 58வது பிரிவு கண்டெடுத்த குழந்தைகளைப் பற்றியது. பச்சிளங்குழந்தையைக் கண்டெடுத்தவர் அதைப் பதிவு அதிகாரியிடம் கொண்டுபோக வேண்டும். குழந்தையோடு கிடந்த துணிமணி, மற்ற பொருட்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த நிலையில் கிடந்தது என்று சொல்ல வேண்டும். பார்த்தால் என்ன வயது இருக்கும், ஆணா பெண்ணா, என்ன பெயர் வைத்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று எல்லாம் எழுதிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

சாதாரணக் குழந்தையின் பதிவில் துணி இருக்காது. அப்பா பெயர், அம்மா பெயர், தொழில், ரெண்டு சாட்சி, முடிந்தது. 'பேர் எ மேர் ஏன்கொன்யு', தாய் தந்தை தெரியவில்லை என்று எழுத நேர்ந்த குழந்தைக்குத்தான் சட்டம் துணியைப் பற்றிக் கேட்கிறது. உறவுகளைச் சொல்ல முடியாதபோது பார்த்ததையெல்லாம் எழுதிவை என்கிறது. அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. அம்மா இடுப்பில் இருந்த குழந்தை என்ன உடுத்தியிருந்தது என்று நமக்கு ஒருபோதும் தெரியாது. தெருவில் கிடந்த குழந்தையைச் சுற்றியிருந்த துணி மட்டும் இருநூறு வருஷம் தாண்டி வந்து நிற்கிறது.

இந்தத் தாள்கள் நமக்கு மிஞ்சியதற்கு ஒரு காரணம் 1776ன் அரசாணை. காலனிகளின் பதிவேடுகளில் ஒரு பிரதி வருஷாவருஷம் பிரான்சுக்கு வந்தாக வேண்டும் என்றது அது. கடல், கரையான், போர் எல்லாவற்றுக்கும் முன்ஜாக்கிரதையாக எடுத்த ஆஃப்சைட் பேக்கப். அந்தப் பிரதிகள் இன்று தெற்கு பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஸ்கேன் செய்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். குருசுக்குப்பத்தில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கலாம். இதே ஊரின் பிரெஞ்சுக் காலத்து மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு புதிதாகக் கட்ட வேண்டிவந்தது. பேக்கப் ஏன் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

*

ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் புதுச்சேரியில் வழி தப்பிவிடும். இரண்டு இடத்தில் தப்பும்.

முதலாவது, பிரெஞ்சுப் பெயர். குடும்பப் பெயர் பிரெஞ்சில் இருந்தால் எங்கேயோ ஒரு வெள்ளைக்கார முன்னோர் இருக்கிறார், யாரோ கைவிட்டுப்போன ரத்தம் என்று வீட்டுக்குள் கதை உருவாகிவிடும். பெரும்பாலும் விஷயம் அதில்லை. 1881 செப்டம்பர் 21ன் ஆணைப்படி, தன் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று ஒரு தமிழர் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் ஒரு குடும்பப் பெயரும் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர்கள்தான் ரெனோன்சான்கள். 1873ல் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை வழக்கை எடுத்துப்போய் ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லாபோர்த். அர்த்தம் 'கதவு'. அந்தப் பெயருக்கு முன்னால் எந்தப் பிரெஞ்சுத் தாத்தாவும் இல்லை, ஒரு மனிதரின் முடிவுதான் இருக்கிறது.

இரண்டாவது, குப்பு. பதிவேடுகளில் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். இத்தாலியப் பழக்கத்தில் பார்த்தால் எல்லாம் கைவிடப்பட்ட பிள்ளைகள் என்று தோன்றும். நிலைமை நேர் எதிர். முதல் ரெண்டு மூணு பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுப்பார்கள். இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு முறத்துத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். இது வேண்டாத பிள்ளை, இதைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று எமனை ஏமாற்றும் நாடகம். நேப்பிள்ஸில் ஒரு சமூகம் உண்மையில் கைவிட்டதைப் பெயராக வைத்தது. இங்கே ஒரு தாய் பயத்தில் கைவிட்ட மாதிரி நடித்ததைப் பெயராக வைத்தாள். ஒரே அர்த்தமுள்ள ரெண்டு பெயர், ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எந்த டேட்டாபேஸும் காட்டாது.

*

சரி, பெயர் உதவாது என்றால் எது உதவும்? துணியோடு கிடந்த பொருள்.

ஃப்ளாரன்ஸின் இன்னொசென்தி இல்லத்துக்கு முதல் குழந்தை வந்தது 1445 பிப்ரவரி 5. புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் பெண் குழந்தைக்கு ஆகத்தா என்று பெயர் வைத்தார்கள். அங்கே இன்றுள்ள அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கின்றன. இழுத்தால் பாதியாக வெட்டிய பதக்கம், உடைத்த நாணயம், ரிப்பன் துண்டு. குழந்தையின் கழுத்தில் ஒரு பாதி, தாயிடம் மறு பாதி. நிலைமை சீரானால் வந்து பாதியைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கர்ணனின் குண்டலம் மாதிரி ஒரு அடையாளம். ஒரு வித்தியாசம், குந்திக்குக் கையில் பாதி தேவைப்படவில்லை.

இழுப்பறையில் இன்னும் அந்தப் பாதி இருக்கிறதென்றால் யாரும் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். வந்திருந்தால் அது பிள்ளையோடு போயிருக்கும். தேடி வந்தவர்களுக்கும் எப்போதும் கிடைத்துவிடவில்லை. குழந்தை வளர்ப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த ரூஸோ தன் ஐந்து பிள்ளைகளையும் பாரிஸின் கண்டெடுத்த குழந்தைகள் இல்லத்தில் விட்டவர். முதல் குழந்தையின் துணியில் மட்டும் ஒரு சங்கேத அட்டை வைத்தார், நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். 1761ல் அவருக்காக ஒரு சீமாட்டி அதை வைத்துத் தேடவைத்தார். கிடைக்கவில்லை. ஐரோப்பாவே அறிந்த ஒருவரால், கையில் சீட்டு இருந்தும், ஒரே நகரத்துக்குள் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேடலில் இன்னொரு பக்கம் உண்டு, தாய். சக்கரம் சுழன்றதே அவள் முகம் தெரியக்கூடாது என்ற உத்தரவாதத்தில்தான். உண்மை வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதை மணிமேகலையின் ஆபுத்திரன் கதை நமக்கு எப்போதோ சொல்லிவிட்டது. காசியிலிருந்து குமரிக்குப் போகும் வழியில் சாலி பெற்றுப் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்தது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் ஒரு இரவு அவிழ்த்துவிட, ஊர் கூடுகிறது. அங்கே ஒருவர், இவன் தாயை எனக்குத் தெரியும் என்று சாலியின் கதையைச் சொல்லிவிடுகிறார். வளர்த்த அப்பாவும் கைவிடுகிறார். பிறப்பின் உண்மை அவனுக்குக் கிடைத்தது பரிசாக இல்லை, ஆயுதமாக. அதுவும் அடுத்தவர் கையில். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் சொல்கிறார்கள், யாருக்குச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐரோப்பாவில் இது நீதிமன்றம் ஏறியது. 1943ல் பிறந்து கைவிடப்பட்ட அனிதா கோதெல்லி, தன் தாய் யார் என்று கேட்டார். தாய் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார், இத்தாலியச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. 2012ல் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கோதெல்லி பக்கம் நின்றது. அடுத்த வருஷமே இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. பிள்ளை கேட்டால் நீதிபதி ரகசியமாகத் தாயிடம் போய், இப்போதாவது சம்மதமா என்று ஒருமுறை கேட்கலாம். பழைய பாதி நாணயத்தின் அதே விதி. ரெண்டு கையும் நீண்டால்தான் பொருந்தும்.

*

இது வெறும் பழைய கதை இல்லை. 1992ல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, கொல்லாதே, இங்கே வை, யாரும் உன் பெயரைக் கேட்கமாட்டார்கள் என்று வைத்த தொட்டில். நேப்பிள்ஸ் சக்கரத்தை இழுத்து மூடி 117 வருஷம் கழித்து, அதே உத்தரவாதம். முதல் தொட்டிலில் வைத்த குழந்தைகளுக்கு இன்று முப்பதைத் தாண்டிவிட்டது. என் வயசுக்காரர்கள். என்னோடு ஆபீஸ் கேன்டீனில் டீ குடிக்கிறவர்களாக இருக்கலாம், வெளிநாட்டில் வேறு மொழி பேசிக்கொண்டும் இருக்கலாம்.

2022ன் தத்தெடுப்பு விதிமுறைகளில் வேர் தேடல் என்று ஒரு பிரிவே இருக்கிறது. பெற்றவர்கள் பெயரை மறைக்கக் கேட்டிருந்தால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தாலோ, ஆளே கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார்கள் என்பதையாவது பிள்ளையிடம் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் இது முறையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நினைத்து எழுதியது. தொட்டிலில் வைத்துவிட்டுப் போனவளிடம் யார் போய்ச் சம்மதம் கேட்பது?

டிஎன்ஏ பரிசோதனை இதைத் தீர்த்துவிடும் என்கிறார்கள். எச்சிலைக் குழாயில் அனுப்பினால் எங்கோ ஒரு ஒன்றுவிட்ட சொந்தம் மாட்டலாம். மாட்டினால் அந்தத் தாயிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். ஆபுத்திரன் நின்ற அதே ஊர்க்கூட்டம், இப்போது போனுக்குள்.

எனவே எனக்குப் படுவது, தொட்டிலின் பக்கத்தில் இருக்கிற நோட்டுப் புத்தகம்தான் முக்கியம். பெயர் கேட்க வேண்டாம், கேட்கவும் கூடாது. ஆனால் சுற்றியிருந்தது புடவைக் கிழிசலா, புதுத் துண்டா? என்ன நிறம்? கழுத்தில் கயிறு இருந்ததா? கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்களா? வந்தது விடியற்காலையா, ராத்திரியா? கண்டெடுத்தவரின் கடமை என்று 1819ல் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்த சட்டம் கேட்டதும் இதைத்தான், இதற்கு ஒரு பக்கம் தாள் போதும். முப்பது வருஷம் கழித்து ஒரு பெண் வந்து கேட்டால் அம்மாவின் பெயரைக் கொடுக்க முடியாமல் போகலாம். உன்னை வைத்துவிட்டுப் போனவள் வைப்பதற்கு முன் உனக்கு மை வைத்திருந்தாள் என்று சொல்ல முடியும்.