பஞ்சம் கற்பித்த பாடம்

ஒரு பொது ஸ்தாபனத்தின் திறம் செழிப்பான காலத்தில் புலப்படுவதில்லை. நெருக்கடிக்குப் பின் அது தன்னை எவ்வாறு திருத்திக்கொள்கிறது என்பதிலேயே புலப்படும். நம் நாட்டின் உணவு நிர்வாக வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது, உணவு, விவசாய இலாகா சி. சுப்பிரமணியம் அவர்களிடம் ஒப்படைக்கப்பெற்றது. தானியம் குறையுந்தோறும் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்குவதே அக்கால வழக்கம். கப்பல் வந்தால் கவலை நீங்கும். மறு ஆண்டு மீண்டும் தோன்றும்.

இந்நிலையை மாற்ற நிலையான அமைப்புகள் தேவைப்பட்டன. உழவர்க்குரிய விலையைப் பரிந்துரைக்க 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் ஏற்பட்டது. தானியத்தைக் கொள்முதல் செய்து, சேமித்து, மாநிலங்களுக்கு அனுப்பும் இந்திய உணவுக் கழகமும் அதே மாதம் தோன்றிற்று. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது நமக்குப் பெருமை தருவதாகும். அவ்வாண்டிலேயே இந்திய விவசாய ஆராய்ச்சிக் கௌன்சிலின் தலைமை, முதன்முறையாக ஒரு விஞ்ஞானியிடம், டாக்டர் பி. பி. பாலிடம், வந்தது.

சோதனையும் உடனே வந்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாயிருந்த தானிய விளைச்சல், மழை பொய்த்தமையால் மறு ஆண்டு சுமார் 7.2 கோடி டன்னாகக் குறைந்தது. 1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. 1968 அறுவடையில் நாடு அதுவரை காணாத அளவு கோதுமை விளைந்தது. இது விதையால் மட்டும் விளைந்த பயனன்று. விளைந்ததை உரிய விலைக்கு வாங்குவார் உளர் என்ற உறுதியும் உழவர்க்கு ஊக்கமளித்தது.

ஆயினும், ஒரு நெருக்கடிக்காக அமைந்த ஏற்பாடு அடுத்ததற்கு முழுதும் போதுமானதாவதில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது களஞ்சியங்களில் தானியம் நிறைந்திருந்தது. ஆனால், பிழைப்புக்காக வெளிமாநிலம் சென்ற தொழிலாளர் பலரின் ரேஷன் கார்டு, சென்ற இடத்தில் பயன்படவில்லை. 2019இல் சில மாநிலங்களில் தொடங்கியிருந்த ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் அதன்பின் விரிவடைந்து, 2022 ஜூனில் நாடு முழுவதையும் எட்டியது.

தானியம் இருப்பது வேறு. அது உரியவர் கைக்கு எட்டுவது வேறு. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. நம் காலனிகளுக்குக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வரும் குடும்பங்களுள் இவ்வுரிமையை அறியாதார் இன்னும் இருக்கக்கூடும். அவர்களுக்கு அதனை எடுத்துரைத்து, வேண்டுமாயின் ரேஷன் கடை வரை உடன் செல்வது, நம் சங்கத்திற்கேற்ற தொண்டாகும்.