அழுகையின் நிலைக்களன்

‘மாட்லின்’ என்ற ஆங்கிலப் பெயரடை நமக்கு அகராதி வழியாகத்தான் வருகிறது. ஆலங்காயத்தில் இருந்துகொண்டு ஆங்கிலம் படிப்பவன், ‘அசட்டுத்தனமாக உணர்ச்சி வழிகிற, குடித்துவிட்டு அழுகிற’ என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். சொல்லுக்குள் ஒரு பெண் இருப்பது அவனுக்குத் தெரிய வராது.

அவள் மகதலேனா மரியாள். லூக்கா சுவிசேஷத்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைப்பவளுக்குப் பெயர் கிடையாது. 591இல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அவளையும் மகதலேனாவையும் ஒருத்தியாக்கினார். பிறகு ஐரோப்பிய ஓவியர்கள் மகதலேனாவை அழ வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆங்கிலேயர் வாயில் அவள் பெயர் ‘மாட்லின்’ ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் அவள் பெயர் தாங்கிய கல்லூரியை இன்றும் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். 1592இல் தாமஸ் நாஷ் குடிகாரர்களை எட்டு வகையாகப் பிரித்தபோது, குடி நடுவே அன்பு பொங்கி அழுகிறவனுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டி திருத்தப்பட்டபோது இரு பெண்களும் பிரிக்கப்பட்டார்கள். சொல் அப்படியே நின்றுவிட்டது.

நம் விமர்சனத்தில் ‘மிகையுணர்ச்சி’ இந்த வேலையைத்தான் செய்கிறது. கண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறோம். எதற்கு என்று பார்ப்பதில்லை. தொல்காப்பியரும் மெய்ப்பாட்டை எட்டாகத்தான் பிரித்தார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வைத்தார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவர் கேட்டது அழுகையின் அளவை அல்ல, அது எதன்மேல் நிற்கிறது என்பதை.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறித் தெற்கே இறங்கினால் செங்கம் வட்டாரம். அங்குள்ள நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப்போய் இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. பக்கத்தில் அவன் நாய். அதன் பெயர் கோவிவன்; இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது எழுத்து. துக்கத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நாயின் பெயரையும் மறக்காமல் வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கல்லைக் காட்டி ஒப்பாரியை மட்டம் தட்டுவது சுலபம். அது சரியல்ல. ஒப்பாரி வைக்கிறவளுக்கு இழவு இருக்கிறது, பெரும்பாலும் வறுமையும் இருக்கிறது. அவள் எத்தனை உரக்க அழுதாலும் அது மிகை ஆகாது. நிலைக்களன் இல்லாமல் வருகிற ஈரத்துக்குத்தான் இந்தப் பெயரடை பொருந்தும். நம் சினிமாவிலும், இரங்கல் உரைகளிலும், நாமே எழுதுகிற கவிதைகளிலும் அதற்குப் பஞ்சமில்லை.

மகதலேனாவுக்கு நிலைக்களன் இருந்தது. யோவான் சுவிசேஷத்தில் அவள் அழுவது திறந்து கிடக்கும் கல்லறைக்கு வெளியே நின்று. போலி அழுகைக்கு அவள் பெயரை வைத்தது ஆங்கிலத்தின் அநியாயம். சொல்லைக் கடன் வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.